தசை தளர்த்தும் குளிசை எழுதித் தந்தால்: முதல் வேளைக்கு முன்னிருந்து மிச்சக் குளிசை வரை

நாரிப்பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு என்று டொக்டரிடம் போனால் துண்டில் வழக்கமாக இரண்டு மூன்று மருந்து இருக்கும். ஒன்று நோவுக்கு, ஒன்று வயிறு எரியாமல் இருக்க, மற்றது தசை தளர்த்தி. நம்மவர்கள் நோக்குளிசையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள். தசை தளர்த்தியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். கூடுதலாகக் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

இந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவை வேலை செய்யும் இடம் தசை இல்லை. மூளையும் முள்ளந்தண்டு வடமும். அங்கே நரம்புகளின் பரபரப்பைக் குறைக்கின்றன, அதனால் தசை இளகுகிறது. அதே காரணத்தால் கண்ணும் சொக்குகிறது, கால் தடுமாறுகிறது, சிலருக்குப் பிரஷர் இறங்குகிறது, அளவு கூடினால் மூச்சும் மந்தமாகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எச்சரிக்கைகளில் முக்கால்வாசி தானாகவே விளங்கும்.

முதலில்: இது வெறும் பிடிப்புத்தானா?

கரைவலை இழுத்தவர், நெல்மூட்டை தூக்கியவர், நாள் முழுக்கக் குனிந்து தையல் மெஷினில் இருந்தவர் ஆகியோருக்கு வரும் நோ பெரும்பாலும் தசைப்பிடிப்புத்தான். ஆனால் எல்லா முதுகு நோவும் அப்படியில்லை.

நோவோடு காய்ச்சலும் இருந்தால் தசை தளர்த்தியைப் பற்றிய யோசனையையே ஒத்திவையுங்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குகிறவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசையும் நாரியும் தொட்டாலே நோகிறது என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டெங்குவும் உடம்பை முறித்துப் போட்டது மாதிரிதான் தொடங்கும். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே திருகோணமலையில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. தசை தளர்த்தியோடு சேர்த்து டைக்குளோபெனக், ஐபூபுரூபன் போன்றவை எழுதப்படுவது வழக்கம். டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. பிடிப்புக்கென்று வாங்கிவைத்த குளிசைகளைக் காய்ச்சல் உடம்பு நோவுக்கு எடுத்துப் போடுவது அதனால்தான் பிழை.

ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டிய வேறு அறிகுறிகளும் உண்டு. இருக்கும் இடம், தொடை இடுக்கு விறைத்துப் போவது; சலம் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது; காலில் பலம் குறைந்துகொண்டே வருவது. இவை நாரி நோவோடு சேர்ந்து வந்தால் முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குவதாக இருக்கலாம், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. விழுந்து அடிபட்ட பிறகு வந்த நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிவதோடு வரும் நோ, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் நோ, இவற்றையும் குளிசையால் மூடி வைக்க வேண்டாம். இடது தோள், தாடை, நெஞ்சு எல்லாம் சேர்ந்து இறுகினால் அது கழுத்துச் சுளுக்கு என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம்.

டொக்டர் எழுதுவதற்கு முன் நீங்கள் சொல்ல வேண்டியவை

அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் கூட்டம் நிற்கும், டொக்டருக்கு நேரம் இருக்காது. கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். பிரஷர், சீனி, இருதயம், வலிப்பு என்று எதற்குக் குளிசை போட்டாலும் அந்தக் கொப்பி உங்களை விடத் தெளிவாகக் கதைக்கும். தனியார் டொக்டரிடம் போகும்போதும் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அதற்கு மேல் வாயால் சொல்ல வேண்டியவை இவை. சிறுநீரகத்தில் பிரச்சினை இருக்கிறதா? பக்லோபென் என்ற மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சாதாரண அளவு கூட உடம்பில் தங்கி, குழப்பம், பிதற்றல், மயக்கம் என்று கொண்டுபோகும். பதவி சிறிபுரப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எவ்வளவு பேரைப் பாதித்திருக்கிறது என்பது தெரிந்ததே. அந்தப் பக்கத்தவர்கள், நீண்ட நாள் சீனி வருத்தக்காரர் எல்லாம் இதை முதல் வசனமாகச் சொல்ல வேண்டும். ஈரல் வருத்தம் இருந்தால் டிசானிடின், குளோர்சொக்சசோன் என்ற தசை தளர்த்திகள் இரண்டிலும் கவனம் வேண்டும்.

கர்ப்பமா, கர்ப்பம் தரிக்க யோசனையா, பால் கொடுக்கிறீர்களா என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். இராத்திரி பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று நின்று வருகிறவர், கண் அமுக்க நோய் உள்ளவர், சலம் சொட்டுச் சொட்டாகப் போகும் வயதானவர், இவர்களும் சொல்ல வேண்டும். குடிப்பழக்கத்தையும் ஒளிக்காதீர்கள். வைத்தியர் நியாயம் பிளக்க வரவில்லை, அளவு தீர்மானிக்கத்தான் கேட்கிறார்.

பிறகு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "டொக்டர், இதை எத்தனை நாளைக்குப் போடுறது? எப்படி நிறுத்துறது?" பதிலைத் துண்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

துண்டும் கடதாசி உறையும்

பாமசியில் குளிசைகளை எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவது நமக்குப் பழகிப்போனது. உறையில் மருந்தின் பெயர் இல்லாமல் '1 காலை, 1 இரவு' என்று மட்டும் இருந்தால் வாங்கிக்கொண்டு நகராதீர்கள். "தம்பி, குளிசையின்ட பேரையும் எத்தனை மில்லிகிராம் என்றதையும் இதில எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்து வாசிக்கத் தெரியாவிட்டால் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? நாளைக்கு மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.

துண்டில் டொக்டர்கள் எழுதும் குறிகளையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மானே என்றால் காலையில், நொக்டே என்றால் இரவில். பி.டி. என்றால் நாளுக்கு இரு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். அதைத் தவறாமல் போட வேண்டிய மருந்தாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

உங்கள் கையில் இருப்பது எது?

எல்லாத் தசை தளர்த்தியும் ஒன்றல்ல. அயலவருக்குத் தந்த மருந்தின் விதி உங்களுக்குப் பொருந்தாது.

டிசானிடின் 2 மி.கி., 4 மி.கி. குளிசைகளாக வரும். போட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் உச்சத்துக்கு ஏறி, ஆறு மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். பிரஷரை இறக்கும், வாயைக் காயவைக்கும். சாப்பாட்டோடு போடுவதா வெறும் வயிற்றில் போடுவதா என்பதில் ஒரே வழக்கத்தைப் பிடியுங்கள். மாற்றி மாற்றிப் போட்டால் உடம்பில் ஏறும் அளவும் மாறும். தொடர்ந்து போடுகிறவருக்கு இடையிடையே ஈரல் இரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

பக்லோபென் பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர், முதுகுத்தண்டில் காயம்பட்டவர் போன்றோரின் நீடித்த தசை இறுக்கத்துக்கு. சிறிய அளவில், 5 மி.கி. மூன்று வேளை என்பது போலத் தொடங்கி, நாள்கள் விட்டு மெதுவாக ஏற்றுவார்கள்.

டயசெபாம் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் வலிப்புக்கும் பயன்படுகிற அதே மருந்துதான். பிடிப்புக்குச் சில நாளைக்கு எழுதுவதுண்டு. பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பதால் நீட்டிக்கக் கூடாது.

குளோர்சொக்சசோன், ஓர்பெனாட்ரின் ஆகியவை பல சமயம் பரசிட்டமோலோடு சேர்ந்தே ஒரு குளிசையாக வரும். அதோடு தனியாகப் பனடோலும் விழுங்கினால் ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுக்கிறீர்கள். வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் பரசிட்டமோல் மொத்தம் 4 கிராம், அதாவது 500 மி.கி. குளிசை எட்டு, அதுவே உச்சம். மெலிந்தவருக்கும் ஈரல் பழுதானவருக்கும் அதைவிடக் குறைவு. குளோர்சொக்சசோன் சலத்தைச் செம்மஞ்சளாக்கலாம், மெதோகார்பமோல் என்ற இன்னொரு தசை தளர்த்தி கறுப்பாகவோ பச்சையாகவோ ஆக்கலாம். நிறத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. கண் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல், சலம் கடும் தேயிலைச் சாயமாகப் போனால்தான் பயப்பட வேண்டும்: குளிசையை நிறுத்தி அன்றே காட்டுங்கள்.

இந்தியாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் குளிசைகளில் தயோகோல்சிகோசைட் என்ற தசை தளர்த்தி அடிக்கடி தென்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இதை வாய்வழி ஏழு நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது, கர்ப்பிணிகளும் கருத்தரிக்கக்கூடிய வயதில் கருத்தடை இல்லாத பெண்களும் எடுக்கவே கூடாது என்று கட்டுப்படுத்தியது. அட்டையில் எந்த மருந்தின் பெயரோடு சேர்ந்து வந்தாலும் இந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். அன்பளிப்பாக வந்த அட்டையைப் பாமசியில் காட்டாமல் போடவே வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் வேளை

டொக்டர் வேறு நேரம் குறிக்காவிட்டால் முதல் குளிசையை இரவில், வேலையெல்லாம் முடித்து, வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது போடுங்கள். உங்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது அந்த ஒரு இரவில் கொஞ்சம் தெரிந்துவிடும். ஒருவர் ஒரு குளிசைக்கு மத்தியானம்வரை எழும்பமாட்டார், இன்னொருவருக்கு ஒன்றும் தெரியாது.

இரவில் சலத்துக்கு எழும்பும்போது கட்டிலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்புங்கள். மலசலகூடம் வெளியே இருக்கும் வீடுகளில் வழியில் லைற் எரியட்டும், வழியில் கிடக்கும் வாளி செருப்பையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளை அமெரிக்காவில் தொகுக்கும் பீர்ஸ் பட்டியல் தசை தளர்த்திகளில் பலவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது: மயக்கம், விழுகை, எலும்பு முறிவு. நாரி நோவுக்கு மருந்து போட்டு இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட கதையாகிவிடக் கூடாது. அம்மா, அப்பாவுக்கு எழுதித் தந்திருந்தால், "இவவுக்கு இது கட்டாயம் வேணுமா?" என்று ஒருமுறை கேட்டுவிடுவதில் தப்பே இல்லை.

ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்தபோது போடலாம். அடுத்த வேளை கிட்டிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்குவது மட்டும் கூடாது.

எவற்றோடு சேரக்கூடாது

முதல் எதிரி மதுசாரம். கள்ளோ, சாராயமோ, பியரோ, அளவு எவ்வளவோ, தசை தளர்த்தி போடும் நாள்களில் வேண்டாம். 'வலை இழுத்த நோவுக்கு ஒரு கால் போத்தல், அதுக்கு மேல குளிசை' என்ற வைத்தியம் கடற்கரையில் புதிதில்லை. இரண்டும் மூளையை மந்தப்படுத்துபவை, சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சே தளரலாம். அதே காரணத்துக்காக ட்ரமடோல், கொடீன் போன்ற கடும் நோக்குளிசைகள், தூக்கக் குளிசைகள், நரம்பு நோவுக்குத் தரும் பிரகபாலின், கபபென்டின் ஆகியவற்றை டொக்டருக்குத் தெரியாமல் சேர்க்கக் கூடாது.

யாரும் கணக்கில் எடுக்காதது சளிக் குளிசை. குளோர்பெனிரமின் எல்லார் வீட்டுப் பெட்டியிலும் கிடக்கும். தும்மலுக்கு ஒன்று போட்டுவிட்டு இரவில் தசை தளர்த்தியையும் போட்டால் தூக்கம் இரண்டு பக்கத்தாலும் வரும். இருமல் பாணிகளும் இப்படித்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிசானிடின் போடும் ஒருவருக்குச் சலக்கடுப்போ வயிற்றோட்டமோ வருகிறது. வேறொரு டொக்டர் சிப்ரோபுளொக்சசின் எழுதுகிறார். இந்த இரண்டும் சேரவே கூடாது. சிப்ரோபுளொக்சசின், டிசானிடினை உடைக்கும் ஈரல் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைச் சராசரியாக 10 மடங்குக்கு உயர்த்தும். பிரஷர் விழுந்து மயங்கிப்போவார். மனச்சோர்வுக்குத் தரும் புளுவொக்சமினோடும் அதே தடை. கருத்தடைக் குளிசையும் உடம்பில் டிசானிடினின் அளவைக் கூட்டும். இரண்டு டொக்டரிடம் போவது குற்றமில்லை. முதலாமவர் தந்ததை இரண்டாமவருக்குக் காட்டாமல் இருப்பதுதான் ஆபத்து.

நாட்டு வைத்தியத்தை விடச் சொல்லவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிற ஊர் இது. ஆனால் அரிஷ்டம், ஆசவம் போன்றவை புளிக்கவைத்துச் செய்வதால் அவற்றில் மதுசாரம் உண்டு. உள்ளுக்கு எடுக்கும் எதையும் இரு வைத்தியருக்கும் சொல்லுங்கள். வெளியே பூசும் எண்ணெயில் அவ்வளவு சிக்கல் இல்லை.

வாகனம், கடல், வெந்நீர், நோன்பு

மருந்து உங்களை எப்படிப் பிடிக்கிறது என்று தெரியும்வரை மோட்டார் சைக்கிளையும் ஆட்டோவையும் தொடாதீர்கள். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஓட்டுகிற சாரதி, துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறவர், மரம் அரிகிறவர், கூரையில் ஏறுகிறவர், இவர்கள் குளிசை போடும் நாள்களில் லீவு போட வேண்டும். லீவு கிடைக்காது என்றால் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பகல் வேளையை விட்டு இரவில் மட்டும் தரலாமா, வேறு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்.

இரவில் போட்டில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கடுமையாகத்தான் இருக்கும்: போகாதீர்கள். ரோட்டில் தூங்கி வழிந்தால் ஓரத்தில் நிறுத்தலாம். கடலில் தடுமாறி விழுந்தவரைப் போட்டில் இருப்பவர் கண்டால்தான் உயிர்.

நாரிப்பிடிப்புக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்க் குளிப்பது நம் பக்கத்துப் பழக்கம். சூடு தசைக்கு இதமானது, நல்லதுதான். ஆனால் வெந்நீர் இரத்தக் குழாய்களை விரிக்கும். டிசானிடினும் பிரஷரை இறக்கும். குளிசை போட்டுச் சில மணித்தியாலத்துக்குள் வாளி வாளியாக அள்ளி ஊற்றிவிட்டு ஈரத் தரையில் சடாரென்று திரும்பினால் கண் இருட்டிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் வாடி, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் இன்னும் மோசம். குளிப்பைக் குளிசைக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். வீட்டில் ஒத்தடம் கொடுப்பவர்கள் மயக்கத்தில் தோல் வேகுவது தெரியாமல் அப்படியே தூங்கிவிடக் கூடாது.

றமழான் மாதத்தில் நோன்பு பிடிக்கிறவர்கள் மூன்று வேளைக் குளிசையை சஹருக்கும் நோன்பு திறப்புக்குமாகத் தாங்களே பிரித்து, இடையில் விட்டதை இரட்டிப்பாகப் போடுவதுண்டு. அது வேண்டாம். நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பக்லோபென் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏன் என்பது அடுத்து வருகிறது.

எத்தனை நாள், எப்படி நிறுத்துவது

திடீரென்று வந்த பிடிப்புக்குப் பொதுவாகச் சில நாள்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று கிழமை. அதற்கு மேல் இந்த மருந்தால் பெரிய பயன் கிடைப்பதில்லை, தூக்கமும் பழக்கமும்தான் மிஞ்சும். நாரிப்பிடிப்பு உள்ளவர் கட்டிலோடு கிடக்காமல் முடிந்தவரை நடமாடுவதுதான் கெதியாகக் குணப்படுத்தும். அந்த நடமாட்டத்துக்கு உதவத்தான் குளிசை. சில நாள் மட்டும் போட்ட பெரும்பாலான மருந்துகளை நோ விட்டதும் நிறுத்தலாம்.

நீண்ட நாள் போட்டவர்களின் கதை வேறு. பக்லோபெனைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு, இல்லாததைக் காண்பது, கடும் காய்ச்சல், முன்னைவிட மோசமான தசை இறுக்கம் எல்லாம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. கூடிய அளவில் டிசானிடின் எடுத்தவருக்குப் பிரஷர் திடீரென ஏறும். டயசெபாமை நிறுத்தினாலும் பதற்றமும் வலிப்பும் வரலாம். டொக்டர் சொல்லும் கணக்குப்படி, கிழமைக் கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆகவே பக்லோபென் போடுகிறவர் வீட்டில் குளிசை தீர்ந்துபோகவே விடக்கூடாது. 2022இல் நாடு முழுக்க மருந்துக்கு அலைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மாரியில் வெள்ளம் வந்தால் மூதூர், வெருகல் பக்கத்திலிருந்து பட்டினத்துக்கு வருவதே பெரும்பாடு. கிளினிக்கில் கேட்டு இரண்டு கிழமைக் கையிருப்பாவது வைத்திருங்கள். ஆஸ்பத்திரியில் இல்லை என்றால் அன்றே ஒசுசலவிலோ வேறு பாமசியிலோ தேடத் தொடங்குங்கள், கடைசிக் குளிசை வரை பார்த்திருக்க வேண்டாம்.

அளவு கூடிப்போனால்

எழுப்ப எழுப்ப எழும்பாமல் இருப்பது, பேச்சுக் குழறுவது, மூச்சு மெதுவாகி இடைவெளி விடுவது, உதடு நீலம் பாரிப்பது, வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. வரும்வரை ஆளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். வாந்தி எடுக்கவைக்கவோ, புளி கரைத்து ஊற்றவோ, தேத்தண்ணி பருக்கவோ வேண்டாம். மயங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். குழந்தை ஒரு குளிசையை விழுங்கியது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள். குளிசை உறையையும் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

முகம், நாக்கு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. அதற்கும் அதே நம்பர்தான். டொல்பெரிசோன் என்ற தசை தளர்த்தியில் இது கவனிக்கப்பட்டு, ஐரோப்பாவில் 2012இல் அதன் பயன்பாட்டையே சுருக்கிவிட்டார்கள்.

மிச்சக் குளிசை

நோ விட்டபின் உறையில் நாலைந்து குளிசை கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா நாரியைப் பிடித்துக்கொண்டு வந்தால் எடுத்துக் கொடுக்கத்தான் கை போகும். அவருக்குச் சிறுநீரகம் எப்படி, வேறென்ன குளிசை போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. டொக்டர் திரும்ப வரச் சொல்லாவிட்டால் அவற்றை வைத்திருக்கத் தேவையில்லை. பாமசியில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் தேயிலைச் சக்கையோடு குழைத்து, பையில் கட்டி, குப்பையில் போடுங்கள். கிணற்றடியிலோ கடலிலோ கொட்டாதீர்கள். தொடர்ந்து போட வேண்டியவர்கள் குளிசையைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், வெயில் படாமல் வைத்திருங்கள். சமையலறை ஜன்னலோரமும் ஆட்டோவின் முன் தட்டும் நம்மூர் வெக்கைக்கு ஆகாது.